வருசம் பிறக்காத நேரம்

களனிப் பாலம் வரைக்கும் வந்தாச்சு, இன்னும் ஒரு வாகனத்தின்ரை கோன் சத்தம் கேக்கேல்லை.

சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு மணி. கொட்டாஞ்சேனையிலையிருந்து இவ்வளவு தூரத்துக்கும் ஒரு பஸ் இல்லை, ஓட்டோ இல்லை, கடையெல்லாம் பூட்டிக் கிடக்க வெயில் மட்டும் தார் றோட்டிலை மினுங்கிக்கொண்டு கிடந்திச்சு; தில்லைநாதன்ரை பழைய டெலிக்கா வான்ரை இரைச்சல் ரெண்டு பக்கச் சுவரிலையும் பட்டு, பின்னாலை இன்னொரு வான் வாற மாதிரித் திரும்பி வந்திச்சு. ரெண்டு தரம் கண்ணாடியிலை பாத்தார். ஒண்டுமில்லை.

இப்பிடி ஒரு றோட்டைத்தான் அவர் கேட்டவர். தொண்ணூற்றாறாம் வருசம். சித்திரை வருசப்பிறப்பு லீவுக்கு நுவரெலியா போறதெண்டால் கொழும்பே கண்டி றோட்டிலை நிக்கும். செக்பொயின்றிலை வரிசை நீள நீள, ஆமிக்காரனுக்கும் ஐசியை, அந்த அடையாள அட்டையை, ஆறுதலா வாசிக்க நேரம் கிடைக்கும். மனிசி பாலேஸ்வரியின்ரை ஐசியிலை யாழ்ப்பாண விலாசம். சந்தேகத்திலை ரெண்டு தரம் பொலிஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனவங்கள். அப்பிடிக் கொண்டுபோன கன பேர் பிறகு ஆத்திலை மிதந்தவை; மூண்டாந்தரம் போனால் இவவும் திரும்பி வரமாட்டா எண்டு அவருக்குப் பயம். ஆனால் மகள் வைதேகிக்கு ரெண்டு வருசமாச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்ட பயணம்.

பக்கத்து வீட்டு பேர்னாட்தான் வழி சொன்னவன். பழைய வருசம் முடிஞ்சு புதுசு பிறக்கிற இடைவெளியைச் சிங்கள ஆக்கள் நோனகதய எண்டுவினம். அந்த நேரம் அடுப்பு மூட்டாயினம், வேலை செய்யாயினம், பயணம் வெளிக்கிடாயினம். "அண்ணை, அந்தேரம் கண்டி றோட்டிலை நீங்கள் கிரிக்கெட் விளையாடலாம்" எண்டு சிரிச்சவன். பாலேஸ்வரிக்கு விருப்பமில்லை. எங்கடை ஆக்களும் புண்ணியகாலத்திலை படி தாண்டுறேல்லை, எந்த வருசத்துக்கும் சொந்தமில்லாத நேரம் எண்டு வெளிக்கிடும் வரைக்கும் முணுமுணுத்தவ.

பாலம் தாண்டினவுடனை செக்பொயின்ற். தகரப் பீப்பாய், மண்மூட்டை, ஆக்கள் நடந்து போறதுக்கு மேலை தகரம் போட்ட ஒடுங்கின பாதை. ஆமிக்காரர் இல்லை. மேசையிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை, ஆவி பறந்துகொண்டிருந்திச்சு. ஆத்துப் பக்கமிருந்து சேத்து மணம், கனநாள் நனைஞ்சு கிடந்த துணி மாதிரி.

"நிப்பாட்டாமல் போவமே?" எண்டார்.

பாலேஸ்வரி ஐசியைக் கையிலை எடுத்திட்டா. "ஒளிச்சு நிண்டு பாத்தாங்களெண்டால்? இறங்காமல் போனதெண்டு சுட்டால் ஆர் கேக்கிறது? நீங்கள் அங்காலை கொண்டுபோய் நிப்பாட்டுங்கோப்பா, நாங்கள் நடந்து வாறம்."

எப்பவும் அப்பிடித்தான். ஆக்கள் இறங்கி நடந்துபோய்க் காட்ட வேணும், ஓட்டிறவர் தனிய அங்காலை போய் நிக்க வேணும். பழகின காலும் கையும் தங்கடை பாட்டிலை செய்திச்சு. வைதேகி தாயின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு தகரத்துக்குக் கீழை போனாள்.

முப்பது மீற்றர் தள்ளி நிப்பாட்டினார். எஞ்சினை நிப்பாட்டேல்லை. அந்தப் பாதை நடக்க ஒரு நிமிசம் போதும்.

அஞ்சு நிமிசம்.

பத்து.

இறங்க நினைச்சுக் கதவிலை கை வைச்சார்.

பக்கக் கதவு இழுபட்டுத் திறந்திச்சு. முருகா எண்டு திரும்பினார். ஆரோ ஒரு வயசு போன மனிசன். ஐசியை நெஞ்சோடை பிடிச்சபடி ஏறி, மூலையிலை இருந்தார். அவருக்குப் பின்னாலை சேர்ட் கிழிஞ்ச ஒருத்தன். பிறகு ரெண்டு பொம்பிளையள். பிறகும் ஆக்கள். வரிசையாய். வான் பதிஞ்சுது. சேத்து மணம் இப்ப உள்ளுக்கை. ஒருத்தற்றை மூச்சும் கேக்கேல்லை.

ஆர் நீங்கள் எண்டு கேட்டார்.

எல்லாரும் நேரை பாத்தபடி. கனகாலம் வாகனத்துக்குக் காத்து நிண்ட ஆக்கள் மாதிரி.

முன் கதவு திறந்திச்சு. பாலேஸ்வரி. ஏறி இருந்தா, மடியிலை வைதேகி. அவருக்கு உயிர் திரும்பி வந்திச்சு. மனிசியின்ரை கையைப் பிடிச்சார். ஈரம்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்?"

"எங்களுக்கு முன்னாலை கன சனம்" எண்டா அவ, றோட்டைப் பாத்தபடி.

வைதேகி கையை நீட்டினாள்.

பத்து வயசுப் பிள்ளை. பதினாறு ஆகாமல் ஐசி குடுக்கிறேல்லை.

அவளின்ரை கையிலை ஐசி. பிளாஸ்ரிக்குக்குள்ளை ஆத்துத் தண்ணி. படத்திலை அவள்தான்.

கண் ரெண்டும் மூடியிருந்திச்சு.