டி பகுதியில் பன்னிரண்டு பேர்

1988 ஜூன். டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. மழை விட்டிருந்தது, பனிமூட்டம் விடவில்லை. ஹட்டனில் கம்ப்யூட்டர் கற்றுக் கொடுக்கும் றோலண்ட் என்று யாரோ சொல்லி, ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிளாக்கர் கஸ்பர் எனக்கு ஆளனுப்பியிருந்தார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் செய்ததும் அவரே பிளாப்பியைப் போட்டு, மெஷினை இயக்கும் டொஸ்ஸை மறுபடி ஏற்றியிருக்கிறார். டிஸ்க்கின் இரண்டாவது பகுதியான 'டி' அதோடு காணாமல் போய்விட்டது. தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவு முழுவதும் அதில்தான் இருந்தது. பழைய பேரேடுகள் எங்கே என்று கேட்டேன். டைப் அடித்து முடித்ததும் பெக்டரி அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம். மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் நாகலெட்சுமி. மறுநாள் நுவரெலியாவில் அவளுடைய பிரஜாவுரிமை விசாரணை. தாய் தகப்பன் இந்தத் தோட்டத்து ஆட்கள் என்று பதிவைக் காட்டாவிட்டால் அவள் இந்தியாவுக்குப் போகவேண்டியதுதான். அங்கே அவளுக்கு யாருமில்லை.

ஒரு மணி நேரம் போராடினேன். 'டி' வந்தது. உள்ளே ஒரே ஒரு பைல்.

அதில் பதினொரு பெயர்கள்.

கஸ்பர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவங்க பேர நான் அடிக்கவே இல்ல."

இரண்டு வருடத்துக்கு முன் மண் சரிந்து மேல் லயத்து வீடுகளை மூடியபோது செத்தவர்கள் அவர்கள். ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. செத்தவர் பெயரைப் பேரேட்டில் சிவப்பு மையால் வெட்டுவார்கள், வெட்டிய பெயரைத் திரும்ப எழுதுவது வழக்கமில்லை. கஸ்பரும் அவற்றை விட்டுவிட்டுத்தான் அடித்திருக்கிறார். தாய் தகப்பன் பெயர் பதிவிலேயே இல்லை என்று நாகலெட்சுமியிடம் சொல்லத் தைரியம் வரவில்லையாம்.

அறைக்குள் ஈர மண் வாடை வந்தது.

ஒவ்வொரு பெயருக்கும் நேரே, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, வேலைக்கு வந்தவர்களுக்குப் போடும் கோடு இருந்தது. மண் சரிந்த மறுநாளில் தொடங்கி ஒரு நாள்கூட விடாமல், இன்று காலை வரைக்கும்.

"அப்பா பேரு வந்திருச்சுங்களா ஐயா?" ஜன்னலுக்கு வெளியே இருந்து நாகலெட்சுமி கேட்டாள்.

வந்திருந்தது. அப்பா கந்தப்பன், அம்மா லெட்சுமி, இருவரும் இந்தத் தோட்டம். அவர்களுக்குக் கீழே, சற்று முன் இல்லாத பன்னிரண்டாவது வரி.

நாகலெட்சுமி.

அவளுக்கு ஒரே ஒரு கோடு. நாளைய தேதிக்கு.

அழித்தேன். திரும்ப வந்தது. மறுபடி அழித்தேன், திரையிலிருந்து போய்விட்டது. பிரிண்ட் எடுத்தபோது தாளில் இருந்தது. நாளைக்கு எங்கும் போகவேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். காரணத்தைச் சொல்லாமல் தாளை நீட்டினேன்.

அவள் தாளை மடித்து மடியில் வைத்தாள். "போகலேன்னா அனுப்பிருவாங்க ஐயா. நான் பொறந்த எடம் இது."

விசாரணையில் அந்தத் தாளை ஏற்றுக்கொண்டார்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி அவள் குறுக்குப் பாதையில் ஏறும்போது மேலேயிருந்து மண் வந்தது. மூன்று நாள் தோண்டினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் ஆபீசுக்குக் கடிதம் வந்தது. நாகலெட்சுமி இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கலாம். கஸ்பர் அதை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தாளை நான் கொடுத்திருக்கக் கூடாது.

மெஷினை அவர் அங்கே வைத்துக்கொள்ளவில்லை. ஹட்டனில் என் அறையில்தான் கிடக்கிறது. மூன்று தடவை டிஸ்க்கை முழுதாகத் துடைத்து டொஸ்ஸைப் புதிதாக ஏற்றிவிட்டேன்.

இன்று காலையும் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள்.