ஆசைக்கு அடங்கும் நாடி

நூற்றுக்கு ஏழு என்று காட்டியது விருப்பமானி. தாழ் திறக்கக் குறைந்தது அறுபது வேண்டும்.

"உங்க வீட்டுக்காரருக்குக் குழந்தையில விருப்பமில்ல," என்றார் டாக்டர் நசீமா. தெய்வானைக்கு மானி தொண்ணூற்றொன்று கொடுத்திருந்தது.

அவள் புருஷன் தீர்த்தகிரி மானியைத்தான் சந்தேகமாகப் பார்த்தான். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவன். எந்தத் தராசைக் கண்டாலும் தட்டின் அடியில் காந்தம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற ரகம்.

முன்பு பெரியப்பனும் சித்தப்பனும் கிடங்குக்கு நடுவே சுவர் எழுப்பியதைப் பார்த்த வெறுப்பில், வாரிசே வேண்டாமென்று விந்துத்தாழ் போட்டுக்கொண்டான். கத்தி வைத்து நாளத்தை வெட்டிய காலம் போய், அரிசிமணி அளவில் ஒரு தாழை உள்ளே பொருத்தும் காலம். பூட்டுவது யாருக்கும் சுலபம், திறப்பதற்குத்தான் சட்டம். மாமியாருக்குப் பயந்து திறந்தவர்கள் பெருகிவிட்டதால், புருஷன் பெண்டாட்டி இருவரும் மனதார விரும்புகிறார்களா என்று நாடி பார்த்து மானி சொல்ல வேண்டும். இரண்டு வாய்ப்புதான். இரண்டிலும் தவறினால் ஆயுசுக்கும் பூட்டுதான்.

"உங்க மெசின் பொய் சொல்லுதுங்க. தொட்டிலுக்கு என்ன மரம் நல்லாருக்கும்னு நாலு மாசமா விசாரிச்சுட்டு இருக்கறவன் நான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே மாமா," என்றாள் தெய்வானை. அவள் பார்வை மானியின் பக்கமே சாய்ந்திருந்தது.

"வேணுங்கறதை வெளிய காட்டற பழக்கம் எனக்கு எப்ப இருந்துச்சு அம்மிணி?"

சொல்லி வாய் மூடுமுன் அவனுக்கே பொறி தட்டியது. மண்டியில் எல்லார் மூக்கிலும் நாடிக்கண்ணாடி. சரக்கைப் பார்த்து எவன் நாடி துள்ளினாலும் எதிராளிக்குச் சிவப்பாகத் தெரியும், விலை எகிறிவிடும். அதனால் உருப்படியான வியாபாரிகள் உடம்பைப் பழக்கி வைத்திருந்தார்கள். ஆசைப்பட்ட சரக்கைக் கண்டால் நாடி அடங்க வேண்டும், வேண்டாத குப்பையைக் கண்டால் குதிக்க வேண்டும். இப்போது மனதைக் கேட்காமலே உடம்பு அதைச் செய்கிறது. மானித் திரையில் பிள்ளைப் படத்தைக் கண்டதும் அவன் நாடி படுத்துத் தூங்கிவிட்டது.

டாக்டரிடம் விளக்கினான்.

"வர்றவங்க எல்லாரும் ஒரு கதை வெச்சிருக்காங்க. இது கடைசி வாய்ப்பு, கையை வைங்க."

வைத்தான். திரையில் அதே பிள்ளை, அதே பொக்கைவாய்ச் சிரிப்பு. மழையில் நனைந்து பூஞ்சை பூத்த மஞ்சள் மூட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். இந்தச் சரக்கு எனக்கு வேண்டாம். ராப்பகலாக அழும், சட்டையில் கக்கும், வளர்ந்து கிடங்கில் சுவர் எழுப்பும். வேண்டவே வேண்டாம்.

நாடி குதியாய்க் குதித்தது. தொண்ணூற்றைந்து.

"பாத்தீங்களா, மனசைத் தொறந்தா மெசின் சரியாத்தான் சொல்லும்," என்று முகம் மலர்ந்த டாக்டர், ஒரு கருவியை அவன் இடுப்பருகே காட்டினார். தாழ் திறந்தது.

வீட்டுக்குக் கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்த தெம்பில் சாய்ந்திருந்த தீர்த்தகிரியை அந்தத் தொண்ணூற்றொன்று உறுத்தத் தொடங்கியது.

தெய்வானை யார்? அந்தியூர் வெல்ல வியாபாரி மகள். கல்யாணத்துக்கு முன் அதே மண்டியில் நாடிக்கண்ணாடி மாட்டி நின்றவள். ஓர் ஏலத்தில் உளுத்துப்போன மஞ்சளுக்கு நாடியைக் குதிக்கவிட்டு, இவனைப் போட்டிக்கு இழுத்து, அத்தனையையும் இவன் தலையில் கட்டியவள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் மயங்கித்தான் பெண் கேட்டுப் போனான்.

அப்படிப்பட்டவளின் நாடி எப்படித் துள்ளியது? வேண்டாததற்குத்தானே அது குதிக்கும், பிள்ளை நிஜமாகவே வேண்டாமா? அல்லது பிள்ளை ஆசையில், மானியின் சூட்சுமத்தை இவனுக்கு முன்பே பிடித்து, வேண்டாமென்று நினைத்துக் காட்டினாளா?

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டான். மாட்டுச் சந்தையில் தரகர்கள் விரல் பிடித்து விலை பேசுவதுபோல, துண்டுக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நெசமாச் சொல்லு அம்மிணி. கொழந்தை வேணுமா?"

அவள் விரல்களும் துண்டுக்குள் ஊர்ந்து வந்து அவன் நாடியைப் பிடித்துக்கொண்டன.

"மொதல்ல நீங்க சொல்லுங்க மாமா."

மண்டியில் முதலில் வாய் திறந்தவன் ஜெயித்ததில்லை. கார் வாசலில் நின்று இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிட்டது. இருவரும் இறங்கவில்லை.