அன்பில்லாத கஞ்சி

காலைக் கஞ்சிக்கு முன் செலின் ஒரு சட்டையைக் கணவர் மிக்கேலிடம் நீட்டுவாள். "ஏங்க, பொத்தான் விட்டுப்போச்சு. தச்சுக் குடுங்க." பொத்தானைப் பிய்த்தது அவள்தான். அது அவருக்கும் தெரியும். படுக்கையில் சாய்ந்தபடியே தைத்து முடிப்பார், அப்புறம்தான் கஞ்சி கொடுப்பாள்.

தூத்துக்குடிக் கடற்சுவர்க் குடியிருப்பில் எல்லார் மணிக்கட்டிலும், தோலுக்கடியில், நன்றிமணி இருந்தது. உதவி பெற்றால் சுடும்; பதிலுதவி செய்தால்தான் குளிரும், முன்கூட்டியே செய்து வைத்தாலும் சரி. நன்றி மறப்பவரே இல்லாத நாடு வேண்டுமென்று அரசு பதித்தது. கணவன் மனைவிக்கும் விலக்கில்லை. வாயால் சொல்லும் நன்றி செல்லாது.

மிக்கேலின் கால்களை முடக்கிய நோய் ஆடி மாதம் கைகளுக்கும் ஏறியது. அசைவுதான் போனது, உணர்ச்சி அப்படியே இருந்தது. இனி அவரால் எதையும் திருப்பிச் செய்ய முடியாது. ஒவ்வொரு வாய்க் கஞ்சிக்கும் மணிக்கட்டு கொதித்தது. கடைசியில் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"ஒரே ஒரு வாய்ங்க."

"வேண்டாம்ட்டி. பசியத் தாங்கிருவேன். இதத் தாங்க முடியல."

நன்றிமணியை எடுப்பது குற்றம். கூலிக்குச் செய்வது உதவியாகாது, ஆனால் ஆள் வைக்க வசதியில்லை. மிக்கேலைப் பார்க்க வந்த மருத்துவர் தில்ஷாத் அறைக்கதவைச் சாத்திவிட்டு, இருவரும் கேட்கச் சொன்னார்: "அது கஞ்சிய அளக்கலம்மா. குடுக்கிறவங்க மனச அளக்குது. உங்களுக்கு அவர்மேல அக்கறை இல்லன்னா உதவியாவே பதியாது."

"அக்கறை இல்லாம எப்படி டாக்டர் ஊட்டுறது?"

அவர் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

செலின் கணவரை வெறுக்க முயன்றாள். அம்மாவின் அடக்கத்துக்கு அவர் வராததை, தங்கையின் கல்யாணத்தில் எல்லார் முன்னும் கை ஓங்கியதை வலிந்து நினைத்துக்கொண்டாள். அத்தனையும் நினைத்துவிட்டு அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும். உடனே மிக்கேல் அலறுவார்.

வாரங்கள் போயின. அவளுக்குத் தூக்கம் போயிற்று, இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு நடுப்பகலில், அப்போதுதான் மாற்றிய விரிப்பை அவர் மறுபடி நனைத்துவிட்டார். பேசாமல் அலசிப் போட்டு வந்து உட்கார்ந்தாள். 'இது எப்ப முடியும்' என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. கரண்டி போயிற்று, வந்தது. கிண்ணம் காலியான பிறகுதான், அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை என்று உறைத்தது.

"சுடலட்டி," என்றார் மிக்கேல். வயிறு நிறைந்த முகம். பிறகு அவளையே பார்த்தார். "நடிச்சியா?"

செலின் காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஆமாங்க. டாக்டர் சொன்ன மாதிரி நடிச்சேன்."

சொல்லி முடிக்கும் முன்பே அவர் பல்லைக் கடித்தார். மணிக்கட்டின் தோல் சிவந்து ஏறியது.

"பொய் சொல்லாத செலினு," என்றார். "இதான் சுடுது."