பதினான்காம் இடத்துக் கல்

"கையெழுத்துப் போட மாட்டேன் மிஸ். என்ன வேணாலும் செஞ்சுக்கட்டும்."

நூலகம் என்றும் பாராமல் இப்படிச் சத்தம் போட்டவள் விதுஷா, மூன்றாம் வருட மாணவி. பதுளைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மடுல்சீமையிலிருந்து அப்பாவின் பழைய ஆட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு வருகிறவள். பின் இருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர். எட்டு மணி வகுப்புக்கு வந்து சேரப் பஸ் கிடையாது. ஆட்டோ நின்றால் நான்கு பேரின் படிப்பும் நின்றுவிடும்.

உதவி நூலகர் கேசினி அவள் நீட்டிய கடிதத்தை நிதானமாகப் படித்தாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. காணாமல்போன பதினொரு புத்தகங்களை நாற்காலியை விட்டு எழும்பாமலே கண்டுபிடித்தவள் என்று வளாகத்தில் பெயர். பீடாதிபதியின் தரிப்பிடத்தில் மூன்று புதன்கிழமைகள் ஆட்டோவை நிறுத்தியதை ஒப்புக்கொள்கிறேன் என்றது கடிதம். கையெழுத்திட்டால் ஆட்டோவை உள்ளே விடும் அனுமதி ஸ்டிக்கரைத் திருப்பிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். மறுத்தால் ஒழுக்காற்று விசாரணை. ஒரு வருட வகுப்புத் தடைகூட வரலாம்.

"எழுதினது ஆர்?"

"விஜேந்திரன் சேர். தரிப்பிடக் குழுவோட செயலாளர். 'போட்டுடுங்க தங்கச்சி, நான் பேசி முடிச்சுத் தாரேன்'னு ரொம்ப அன்பாத்தான் சொன்னாரு."

"மிஸ், இது இரகுநாதன் சேர்ட வேலைதான்!" நூலக ஊழியன் ஷப்ராஸ் ஏணியிலிருந்து குதித்தே விட்டான். "'இது பல்கலைக்கழகமா, ஆட்டோ ஸ்டாண்டா'ன்டு கூட்டத்திலயே கேட்ட மனுசன். குழுத் தலைவரும் அவர்தான்."

"அவசரப்படாதையும். பிள்ளை, புதன்கிழமை நீர் எங்கை நிண்டனீர்?"

"ஒரு மணியில இருந்து நாலு வரைக்கும் செய்முறை வகுப்பு மிஸ். அதுவும் இரகுநாதன் சேரோட வகுப்பு. தண்டச் சீட்டு எழுதினது ரெண்டே காலுக்கு. ஆனா நான் வகுப்புக்கு முன்னாடியே அங்க நிப்பாட்டியிருப்பேனாம். அப்படித்தான் விஜேந்திரன் சேர் சொல்றாரு. நான் நிப்பாட்டினது பதினாலாம் நம்பர்ல, எனக்குக் குடுத்த இடத்துல!"

தண்டச் சீட்டுகளோடு மூன்று படங்கள் இணைக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் ஆட்டோ சுவரை முட்டுகிற மாதிரி மூக்கை உள்ளே கொடுத்து நின்றது. கேசினி படங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

பதினான்காம் இடம் சரிவின் தலைப்பில் இருந்தது. பாதை அங்கிருந்து நேரே இறங்கிப் பீடாதிபதியின் தரிப்பிடத்துச் சுவரில் முடிந்தது. ஆட்டோ வழக்கம்போல இறக்கத்தைப் பார்த்து நின்றது. முன் சக்கரத்துக்கு அடை கொடுத்திருந்த கறுப்புக் கல்லில் சந்தனமும் குங்குமமும்.

"கல்லுக்கும் பொட்டோ?"

"ஆயுத பூஜைக்கு வச்சது மிஸ். வண்டிய மலையில காப்பாத்துறதே கல்லுதான், அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறதுன்னு அப்பா சொல்லுவாரு."

"ஏன் இறக்கத்தைப் பாத்து நிப்பாட்டுறீர்?"

விதுஷாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட என்ன இருக்கிறது என்று உடனே கோபமும் வந்தது. "செல்ஃப் ஸ்டார்ட்டர் போயி ரெண்டு மாசம். இழுக்கிற லீவரும் உடைஞ்சு போச்சு. உருட்டி, கியர் போட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுறேன். ஹாண்டில் பூட்டும் வேலை செய்யாது."

"அந்த மூண்டு நாளும் அடைக்கல்லு எங்கை கிடந்தது?"

"இந்தா, இந்தக் கட்டு மேல. பொட்டு மேல பார்க்க, பத்திரமா வச்சிருந்தாங்க. யாரோ நல்ல மனுசன்னு நெனச்சேன்."

கேசினி பாதையோரத்துச் சிமெந்துக் கட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயிற்காவலர் அகீலிடம் போனாள். மூன்று நாளும் இரண்டு மணிக்குப் பிறகு, பீடாதிபதியின் இடத்தில் ஆட்டோ நிற்கிறதென்று தனக்குத் தொலைபேசி வந்தது என்றான் அவன். மூன்றாம் மாடிப் பொதுத் தொலைபேசி இலக்கம், சிங்களத்தில் ஓர் ஆண் குரல், பெயர் சொல்லவில்லை. இரண்டு மணியிலிருந்து படம் எடுக்க வருமட்டும் அவன் வாயிலை விட்டு நகரவில்லை என்பதற்கு வாகனப் பதிவேடு சாட்சி. மூன்றாம் மாடியில் பத்து விரிவுரையாளர்களின் அறைகள், இரகுநாதனுடையதும் விஜேந்திரனுடையதும் அவற்றில்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, இடத்தைப் பார்த்து முடிவெடுக்க வரும்படி கேசினி குழுவை அழைத்தாள். இரகுநாதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். விஜேந்திரன் இஸ்திரி மடிப்புக் குலையாத சட்டையோடு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். சொந்த ஊர் கண்டி டவுன் என்று சொல்லிக்கொள்பவர். அகீலும் ஷப்ராஸும் விதுஷாவும் வந்தார்கள். எல்லோரும் சரிவில் இறங்கினார்கள். பாதையின் நடுவே ஒரு கல் கிடந்தது.

இரகுநாதன் அதைச் சுற்றிப் போனார். அகீல் தாண்டிப் போனான். "விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்று பேசிக்கொண்டே வந்த விஜேந்திரன், பேச்சை நிறுத்தாமலே குனிந்து கல்லை எடுத்தார், இரண்டடி நடந்து கட்டின்மேல் வைத்தார், கையைத் தட்டிக்கொண்டார். செய்தது அவருக்கே தெரிந்திருக்காது.

"சேர்," என்றாள் கேசினி மெதுவாக, "நீங்கள் எந்தத் தோட்டம்?"

விஜேந்திரன் நின்றார். முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் போகும் வழி தெரியாமல் அங்கேயே இருந்தது.

"இதென்ன கேள்வி?" என்றார் இரகுநாதன்.

"படங்களைப் பாருங்கோ. உருட்டித்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். அப்பிடி ஓட்டுற பிள்ளை சுவரிலை மூக்கை இடிச்சு நிப்பாட்டுமோ? திரும்ப எடுக்க ஏத்தத்திலை இழுக்க வேணும். ஒருக்கால் மறந்து செய்யலாம், மூண்டு தரம் ஆர் செய்வினம்? ஆரோ அடைக்கல்லை எடுத்து, கைபிரேக்கை விட்டு, ஹாண்டிலைப் பிடிச்சபடி கீழை இறக்கியிருக்கினம். போன் எடுத்த குரல் உங்கடை மாடி. ஆனா நீங்கள் அந்த நேரம் இந்தப் பிள்ளைக்கே படிப்பிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"அதுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"களவாய் வண்டியைத் தள்ளுறவன் கல்லை எறிஞ்சிட்டு ஓடுவான். இவர் மூண்டு தரமும் எடுத்துக் கட்டு மேலை வைச்சிருக்கிறார். நான் எங்கடை ஊரிலை அடைக்கல்லே கண்டதில்லை, முதல் எனக்கு விளங்கேல்லை. இந்தப் பிள்ளையைக் கேட்டு அறிஞ்ச பிறகுதான் இண்டைக்குப் பாதையிலை கல்லைப் போட்டுப் பாத்தனான். பிள்ளை, நீர் சொல்லும்."

விதுஷா கட்டின்மேல் இருந்த கல்லைக் காட்டினாள். "மலையில அடைக்கல்ல ரோட்டுல விட்டுட்டுப் போறது பாவம் சேர். பின்னால வாற லொறி ஏறினா பள்ளத்துலதான். லொறிக்காரங்க வீட்டுல சின்னப் புள்ளைக்கே அடிச்சுப் பழக்குவாங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பட்டமும் பதவியும் கண்டி டவுன் முகவரியும் சேர்ந்தும் அந்த ஒரு பழக்கத்தை மூட முடியவில்லை.

"அப்பா தோட்டத்து லொறியில கிளீனர்," என்றார் விஜேந்திரன். இத்தனை வருடம் பூட்டி வைத்த பேச்சு தானாகவே வந்தது. "மடுல்சீமைதான். அந்த ஆட்டோ முதுகுல பெருசா ஊர்ப் பேரு. ஜன்னலத் தொறந்தா அதுதான் தெரியுது. என்னைக்காவது யாராச்சும் 'நீங்க அந்தக் கிளீனர் மகன்தானே'ன்னு கேட்டுருவாங்கன்னு..." முடிக்கவில்லை.

பாவம் என்று விதுஷாவுக்கு ஒரு கணம் தோன்றியது. விடிய நான்கு மணிக்குக் குளிரில் எழும்பும் மூன்று பிள்ளைகளின் முகமும் கூடவே தோன்றியது. பாவத்தை அப்படியே விழுங்கினாள்.

"ஊரு மறைக்கிறது உங்க இஷ்டம் சேர். அதுக்கு எங்க படிப்பையா உருட்டி விடுவீங்க?"

இரகுநாதன் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். மூன்று சீட்டுகளும் ரத்து, விஜேந்திரனைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுகிறேன், இனி இதைச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றார்.

"சத்தமில்லாம முடியாது சேர். என் பேரு அறிவித்தல் பலகையில ஒட்டியிருக்கு. நான் செய்யலன்னு அதே பலகையில ஒட்டணும். உங்க கையெழுத்தோட."

அந்த மனிதர் ஒரு மாணவியை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது அதுவே முதல் தடவை. "ஒட்டுறன்," என்றார் கடைசியில்.

ஷப்ராஸ் கைதட்டப் போனான். கேசினி பார்த்த பார்வையில் கை பாதியில் நின்றது.

விதுஷா மேலே ஏறிப்போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த விஜேந்திரன் பக்கத்தில் நின்றார். மேல் மாடி ஜன்னல்களில் தலைகள் நிறைந்திருந்தன.

"கல்ல எடுங்க சேர்."

அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து, பொட்டு வைத்த கல்லை எடுத்துக்கொண்டு விலகினார். ஆட்டோ உருண்டது, இரண்டு தரம் இருமியது, பிடித்துக்கொண்டது. சுவருக்கு முன்னால் வெட்டித் திருப்பி, முதுகில் எழுதிய மடுல்சீமை எல்லா ஜன்னல்களுக்கும் தெரியும்படி வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பதினான்காம் இடத்தில் இறக்கத்தைப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

விஜேந்திரன் கல்லைக் கீழே போடாமல் அங்கேயே நின்றிருந்தார்.

"வையுங்க," என்றாள்.

அவர் முழங்காலிட்டுச் சக்கரத்துக்கு அடை வைத்தார். சரியாகத்தான் வைத்தார்.