சுளிப்படக்கி

உல்லாசக் கப்பலிலிருந்து படகில் வந்து இறங்கிய இருபத்திரண்டு பயணிகளும் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சுளிப்படக்கியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வழியில் தேங்கிநின்ற சாக்கடையைத் தாண்டாமல், அதற்குள்ளேயே சிரித்தபடி நடந்தார்கள். வழிகாட்டி பிலோமினாவுக்குக் குமட்டியது. அவளுக்குக் கருவி கிடையாது. அது பயணிகளுக்கு மட்டும்தான்.

மூளையில் அருவருப்பு எழும் இடத்தை மின்துடிப்பால் தூங்கவைக்கும் கருவி அது. முன்பெல்லாம் சேந்தன்பட்டினத்துக் கருவாட்டுச் சந்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள், கப்பலுக்குத் திரும்பியதும் பக்கம் பக்கமாகப் புகார் எழுதுவார்கள். இப்போது புகாரே இல்லை. ஓர் அம்மாள் அழுகிய இறாலைக் கை நிறைய அள்ளி முகர்ந்து பார்த்தாள். இன்னொருவர் நாய் நக்கிய தட்டிலேயே இட்லி வைக்கச் சொன்னார். சீ, என்ன ஜென்மங்களோ!

பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்குக் காரணம், அந்தக் கூட்டத்தில் கைலாசம் இருந்ததுதான். கப்பல் நிறுவனத்தின் தலைவர். அவள் தம்பி ஜெர்வாஸ் அந்தக் கப்பலின் அடித்தட்டில் துணி வெளுக்கிறான். ஜன்னலே இல்லாத அறையில் எண்பது பேர். ஒரு வருடமாக இருமுகிறான். கைலாசம் ஒரு வார்த்தை சொன்னால் காற்று வரும் அறைக்கு எல்லோரையும் மாற்றிவிடலாம். டச்சுக்காரன் கட்டிய பழைய கிடங்கைத்தான் அவள் நம்பியிருந்தாள். அதற்குள் போய்விட்டுக் கண்ணைத் துடைக்காமல் வெளியே வந்தவரை அவள் பார்த்ததில்லை. கூட்டத்தை உள்ளே நிறுத்திச் சொன்னாள்:

"ஐயாமாரே, அம்மாமாரே, அடிமையாப் பிடிச்ச இருநூறு பேரை இங்கதான் அடைச்சு வச்சிருந்தாவ. கப்பல் வாரதுக்கு மூணு மாசம் ஆகும். அந்தா தெரியுதுல்லா, அந்த ஓட்டை வழியாத்தான் காத்து. செத்தவங்க பக்கத்துலயேதான் உசுரோட இருந்தவங்களும் கெடந்தாவ."

"ஏசி இல்லாமலே என்ன குளுமை!" என்றாள் இறால் அம்மாள். ஒருவர் சுவரிலிருந்த இரும்பு வளையத்தில் கையை மாட்டிக்கொண்டு படம் எடுக்கச் சொன்னார். பிலோமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்றத்தைக் கண்டு சுளிப்பதும் அநியாயத்தைக் கண்டு சுளிப்பதும் மூளையில் ஒரே இடத்தில்தான். கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவள் கைலாசத்தின் கையையே பிடித்துவிட்டாள். "சார், ஒரே ஒரு நிமிஷம் அதைக் கழட்டுங்க. உங்க கப்பல்ல என் தம்பியும் இப்பிடித்தான் கெடக்கான். எண்பது பேரு சார்."

அவர் கழற்றவில்லை. காலடியால் அறையை அளந்தார். "இருநூறு பேரா? எங்க அறையும் இதே அளவுதாம்மா. நாங்க எண்பதோட நிறுத்திட்டோமே!" குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுதான் சகிக்கவில்லை. "தம்பி கஷ்டப்படறானா? கவலைப்படாதே. அவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு மாட்டிவிடச் சொல்றேன்."

சொன்னபடியே செய்தார். பத்து நாள் கழித்து ஜெர்வாஸ் போனில் பேசினான்.

"யக்கா, இப்ப இருநூறு பேரு. ஜம்முனு இருக்கு."

"எலே, இருமல்?"

"ரத்தம் வருது. வந்தா என்ன?"

அடுத்து சமையல்காரர்களுக்கும் கப்பல் டாக்டருக்கும் மாட்டினார்கள். மூன்றாம் மாதம் கப்பல் மறுபடி வந்தபோது, அது கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் நாற்றம் ஊருக்குள் வந்துவிட்டது. துறைமுகத்தில் யாரும் சேர்க்கவில்லை. முகமூடி போட்ட மருத்துவர்களின் படகில் பிலோமினாவும் தொற்றிக்கொண்டாள்.

மேல்தட்டில் புழு நெளியும் சோற்றைப் பயணிகள் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலில் நடுங்கியவர்களும் புன்னகைத்தார்கள். கைலாசம் கரைக்குப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டிருந்தார். அவள் யாரையும் பார்க்காமல் அடித்தட்டுக்கு ஓடி, ஜெர்வாஸைத் தோளில் சாய்த்து மேலே கொண்டுவந்து, அவன் காதிலிருந்து கருவியைப் பிய்த்தெறிந்தாள்.

அவன் தன் சட்டையைப் பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தான். பிலோமினா அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தபடி, "எடுல ராசா, நல்லா எடு" என்று சந்தோஷத்தில் அழுதாள்.

கைலாசம் பதறிப்போய் ஓடிவந்தார். அவர் உதட்டில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. "ஐயையோ, பையனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கே!" என்றவர், தன் காதிலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டினார். "சீக்கிரம் இதை மாட்டிவிடும்மா."