தண்ணீர் புகாத போன்

கத்தரின் அழைக்க, றெக்சனின் போன் இன்றைக்கும் மணியடித்தது.

சோளகக் காற்றுத் தொடங்கிய வாரம் கடல் தொழிலுக்குப் போனவன். படகு பேசாலைக் கரையில் ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. போன் அவன் இடுப்பில் இருந்தது. கறுப்பு ரப்பர் போட்டு, செங்கல் மாதிரிக் கனத்த சாமான். உயிலங்குளத்தில் உழவு மெசின் சில்லு ஏறியும் உடையவில்லை. கடலில் அதுதான் ரோச் லைற், அதுதான் திசைகாட்டி. வீட்டில் அதாலேயே ஆணியும் அடிப்பான், மகள் டிலக்சனா அதில் படமும் பார்ப்பாள். தண்ணீர் புகாது, சரி. சார்ஜ் இத்தனை மாதம் எப்படி நிற்கும் என்று கத்தரின் யாரிடமும் கேட்கவில்லை. பயந்தல்ல. புருசன் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை.

பக்கத்து வீட்டு மார்த்தா மாமிதான் விடவில்லை.

"உடம்பு வராட்டிலும் ஆத்துமப் பூசை குடு பிள்ளை. பூசை குடுக்காமல் கடலிலை போன ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது."

"பூசை குடுத்தால் அவர் செத்திட்டார் எண்டு நானே சொன்னமாதிரி, மாமி."

வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் புருசன் பேரைச் சொல்லாதவள், இப்போது பொழுதுபடச் செபமாலை முடித்து, மணியடிக்கும் போனுக்குள் சொன்னாள். "றெக்சன், வீட்டை வாங்கோ."

இன்றைக்கு யாரோ எடுத்தார்கள்.

முதலில் கேட்டது காற்று, ஈரத்துணியை உதறுவது போல. பிறகு அலை, சிப்பி நொறுங்கும் மணல், அதற்குமேல் தண்ணீரை இழுத்துக்கொண்டு நடக்கும் கால்கள். பிறகு ஒரு நாய் குரைத்தது, அதே நாய் வெளியே ஒழுங்கையிலும் குரைத்தது, இரண்டும் ஒன்றாகவே ஓய்ந்தன. குசினிக்குள் பாசி நாறியது. பயப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை.

அடுப்பில் கேத்தில் கொதித்தது. போனிலும் கொதித்தது.

அடுப்பை நிறுத்தினாள். போனிலும் நின்றது.

போனை எடுத்த ஆள் வீட்டுக்குள்தான்.

"றெக்சன்?"

பிறகு மகளின் குரல். அறைக்குள்ளிருந்தல்ல, போனுக்குள்ளிருந்து.

"ஓம் அப்பா. அம்மாட்டைச் சொல்லேல்லை. வாறன்."

கத்தரின் அறைக்குள் ஓடினாள். மகளின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. சீமெந்துத் தரையில் ஈரக் காலடிகள். உள்ளே வந்தவை பெரியவை மட்டும். வெளியே போனவற்றோடு சின்னவையும்.

பின்கதவு திறந்திருந்தது. வெளியே கடற்கரை. ஆளில்லை. மீன் வாடிக்கு நேரே, தண்ணீருக்கு மேலே ஒரு ரோச் வெளிச்சம் ஆடாமல் ஆழக்கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"டிலக்சனா!"

வெளிச்சம் தாழ்ந்தது. கடலுக்குள் இறங்கியது. அணையவில்லை. பச்சையாக, மெதுவாக, இன்னும் கீழே.

கத்தரினின் காதோடு இருந்த போனில் மகள் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைத் தகப்பனுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.