ஈரலுக்கு ஈரல்

கிடா தின்பதை நிறுத்தியிருந்தது. ஆனால் அசை போடுவதை நிறுத்தவில்லை.

சங்கரலிங்கம் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் போட்ட குழை வாடிக் கிடக்க, அது வெறும் வாயை இடமும் வலமும் அரைத்துக்கொண்டிருந்தது. வத்தல் நெடியும் ஆட்டு மொச்சை வாடையும் வெயிலோடு கலந்து சன்னல் வழியே வந்தன. கிடா விழுங்கும்போதெல்லாம் அவருடைய தொண்டைக்குழியும் ஏறி இறங்கியது. அவர் விழுங்கவில்லை. அதுவாக நடந்தது.

அருப்புக்கோட்டையில் வத்தல் மண்டி வைத்து நூற்று முப்பது கிலோ வளர்ந்த உடம்பு. ஈரல் முழுக்கக் கொழுப்பு, எடை குறைந்தால்தான் ஈரல் பிழைக்கும் என்று சொல்லி, தொண்ணூற்றாறு சித்திரையில் மெட்ராஸ் டாக்டர் ஒருவர் வயிற்றைச் சிறிதாக்கித் தைத்து அனுப்பினார். ஒரு மாதம் கஞ்சித் தண்ணீர்தான் என்றார்.

"கெட்டியா ஒரு வாய் போனாலும் தையல் பிரிஞ்சிரும். அப்புறம் உயிர் தங்காது."

மனைவி தங்கச்செல்விக்கும் அது தெரியும். ஆனால் பயத்தில் அவள் திருச்சுழிப் பக்கத்துக் குலசாமியிடம் "ஈரலுக்கு ஈரல்" என்று நேர்ந்து தொலைத்திருந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். கிடாவின் ஈரலைச் சுட்டு, யாருக்காக நேர்ந்தார்களோ அவர் முதல் வாய் தின்ன வேண்டும். மாதம் முடியட்டும் என்றுதான் இருந்தாள். ஆப்பரேஷன் நடந்த அன்றிலிருந்து கிடா பட்டினி கிடந்து எலும்பாகிவிட்டது.

"கிடா செத்துருச்சுன்னா நேத்திக்கடன் தீராதுங்க. நாளைக்கே போயிருவோம்."

"அடியே, நான் திங்கக் கூடாதுடி!"

"ஒதட்டுல வச்சா போதும். சாமிக்குத் தெரியாதா?"

மறுநாள் உச்சிவெயில். கோயிலைச் சுற்றி உடைமரங்கள் அசையாமல் நின்றன. தங்கச்செல்வியின் தம்பி மாரிச்சாமி அரிவாளை ஓங்கினான். ஒரே வெட்டு. தலை மணலில் உருண்டு அவர் காலடியில் நின்றது. ரத்தம் சுடச்சுட அவர் வேட்டியை நனைத்தது.

வயிற்றைக் கிழித்துக் கைவிட்ட மாரிச்சாமி, "ஏக்கா, இதென்ன இப்படி இருக்கு?" என்றான்.

எலும்பும் தோலுமான கிடாவுக்குள் மஞ்சளாக, வீங்கி, கொழுப்பு வடியும் ஈரல். டாக்டர் அவருக்கு இருப்பதாகச் சொன்ன அதே ஈரல்.

நெருப்பில் அது சடசடத்தது. தங்கச்செல்வி அதை இலையில் போட்டு, ஒரு துண்டை எடுத்து ஊதி, அவர் உதட்டில் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மணலில் கிடந்த தலை அசை போடத் தொடங்கியது.

அவர் வாய் திறந்தது. மென்றது. விழுங்கியது. ஐயோ, வேண்டாம். கை தானாக இலைக்குப் போனது. இன்னொரு துண்டு. உள்ளே ஒரு தையல் தெறித்தது. அடுத்தது. வயிற்றுக் காயத்திலிருந்து சூடாக வழிந்தது. ஏற்கெனவே நனைந்த வேட்டியில் அது தனியாகத் தெரியவில்லை. கத்தப் பார்த்தார். வாய் நிறைய ஈரல்.

"ஏலே தம்பி, சாமி குணமாக்கிருச்சுடா! தானா எடுத்துத் திங்கிறாக பாரு!" தங்கச்செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். மீதி ஈரலையும் இலையோடு அவர் முன்னால் நகர்த்தினாள். "மெதுவாச் சாப்பிடுங்க. எல்லாம் உங்களுக்குத்தான்."

காலடியில் தலை அவரையே பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது.